தொற்காளை எழுதித் தைத்த மதாங்காரோ

எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ரரோதோங்காத் தீவைச் சுற்றி ஓடும் தார் ரோட்டில் நின்று பாருங்கள். கோயிலுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் மதாங்காரோவின் கத்தரி பட்ட உடுப்பில்தான் போவார்கள். மீதிப் பாதிப் பேர் அவளிடம் தைக்கக் கொடுத்துவிட்டு இன்னும் கைக்கு வராமல் காத்திருக்கிறவர்கள். இது அவளே சொல்லுகிற கணக்கு. யாரும் இதுவரை மறுத்துப் பேசியதில்லை. பேசினால் அவர்கள் உடுப்பு கிறிஸ்துமஸ் வரைக்கும் வராது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கேட்டால் அவள் வேறு மாதிரி சொல்லுவாள். "எனக்குச் சொல்லித்தர அதுக்கு மேல அவங்ககிட்ட சரக்கு இல்ல." அப்புறம் ஆக்லாந்துக்குப் போய் ஒரு சட்டைக் கம்பெனியில் உட்கார்ந்து பை தைத்தாள். சட்டைப் பை மட்டும்தான். கை வேறொருத்தி, காலர் வேறொருத்தி. வருஷக்கணக்காகப் பை. ஒருநாள் மேஸ்திரி இல்லாத நேரம் பார்த்து வெட்டு மேசைக்குப் போய், மிச்சத் துணியில் முழுச் சட்டை ஒன்றை அவளே வெட்டி, அவளே தைத்து, அவளே போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கப் போய் நின்றாள். வேலை போயிற்று. சட்டை போகவில்லை. ஒரு பழைய மெஷினை வாங்கிக்கொண்டு தீவுக்குத் திரும்பி, ரோட்டோரம் தகரம் வேய்ந்து கடை போட்டாள். யாரிடமும் கைநீட்டவில்லை, யாரிடமும் கற்றுக்கொள்ளவுமில்லை. அவளைப் போல ஒருத்தி இந்தத் தீவில் முன்னேயும் இல்லை, இனிமேலும் பிறந்து வளர்ந்தால்தான் உண்டு.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. அது நூக்கு.

அக்டோபர் மாதம், சுவிசேஷம் தீவுக்கு வந்த நாளைக் கொண்டாடும்போது, ஒவ்வொரு கிராமத்துச் சபையும் ஒரு வேதக் கதையை மைதானத்தில் கூத்தாக நடத்தும். அதுதான் நூக்கு. லாரியில் வருவார்கள், குதிரையில் வருவார்கள், தென்னை ஓலை கட்டிய டிராக்டரில் செங்கடலே வரும். மதாங்காரோவின் சபையில் நூக்கு எழுதுகிறவர் டீக்கன் தமாருவா. முன்னாள் போலீஸ்காரர். அவர் எந்தப் பக்கத்தில் வேதத்தைத் திறந்தாலும் உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். கோலியாத்து, பார்வோன், கிதியோன், மறுபடியும் கோலியாத்து. முப்பது வருஷமாக அவர் எழுதுவார், அவள் தைப்பாள். கோலியாத்தின் மார்க்கவசத்தைப் பால்பவுடர் டின்னை வெட்டிச் செய்தது அவள். பார்வோனின் சேனை முழுவதையும் ஓட்டல்காரர்கள் தூக்கிப் போட்ட திரைச்சீலையில் உடுத்தியது அவள். கைதட்டல் என்னவோ தமாருவாவுக்குத்தான்.

அந்த வருஷம் சபை மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது தமாருவா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "இந்தத் தடவை..."

"கோலியாத்து," என்றாள் மதாங்காரோ. "தெரியும், உக்காருங்க. இந்தத் தடவை நான் எழுதறேன். தொற்காள்."

மண்டபத்தில் தலைகள் திரும்பின.

"யாரு அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரா? வேதத்தை வாங்கி அலமாரிக்கு அழகா வெச்சிருக்கீங்களா? அப்போஸ்தலர் நடபடிகள், ஒம்பதாம் அதிகாரம். யோப்பா பட்டணத்துத் தையல்காரி. ஏழை விதவைங்களுக்குத் துணி தெச்சுக் குடுத்தவ. அவ செத்ததும் விதவைங்கல்லாம் அவ தெச்ச உடுப்பைக் காட்டிக் காட்டி அழுதாங்க. பேதுரு வந்து எழுப்பினார். கர்த்தர் எத்தனையோ ராஜாக்களைச் சாக விட்டார். தையல்காரியைச் சாக விடல. யோசிச்சுப் பாருங்க, அவருக்கு எங்க மேல எவ்வளவு மரியாதைன்னு!"

தமாருவா சிரித்தார். "தங்கச்சி, அது மொத்தம் ஏழெட்டு வசனம். அதுல வாள் எங்க? ரத்தம் எங்க? ஜனங்க பாதியில எழுந்து டோனட் கடைக்குப் போயிடுவாங்க."

"ஒருத்தர் எழுந்து போகட்டும். அப்புறம் நான் பேனாவைத் தொடறேனா பாருங்க. சாகற வரைக்கும் உங்க கோலியாத்துக்குப் பித்தான் தெச்சுக்கிட்டே கிடக்கறேன்."

"போகலைன்னா?"

"இனிமே நூக்கு நான் எழுதறது."

போதகர் தயங்கினார். ஆனால் மண்டபம் முழுக்க இருந்த பெண்கள் ஒரே மூச்சில் ஆமென் சொல்லிவிட்டார்கள். ஆமென் சொன்னபிறகு போதகர் என்ன செய்ய முடியும்? ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்.

மதாங்காரோ எழுதிய விதமே தனி. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. வெட்டு மேசையில் பழுப்புத் தாளை விரித்தாள், தையல் சாக்கட்டியை எடுத்தாள், நின்றுகொண்டு எழுதினாள். ஒரு பேச்சு நீளமாகத் தொங்கினால் கத்தரியால் நறுக்கி எறிந்தாள். இரண்டு பேச்சு ஒட்டவில்லை என்றால் குண்டூசி குத்தினாள். எழுதிய துண்டை வாயில் ஊசியோடு உரக்க வாசித்துக் காட்டுவாள். கேட்க வேண்டியது அவள் புருஷன் தாவோரோ. பன்றிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பன்னி அழுவுது, நீ அழல! நல்லா இல்லைன்னு அர்த்தம்!" என்று திரும்பப் போய் நறுக்குவாள்.

உடுப்பு விஷயத்தில் அவள் இன்னும் கண்டிப்பு. வேதக் கதை என்றாலே தலையில் குளியல் துண்டைக் கட்டிக்கொள்ளும் வழக்கத்தை அவள் அன்றே ஒழித்தாள். "யோப்பா துறைமுகம். கடலோரத்துப் பொம்பளைங்க. நம்மள மாதிரிதான் இருந்திருப்பாங்க. குளிச்சிட்டு வந்த மாதிரி எவளும் என் நூக்குல நிக்கக் கூடாது." ஒவ்வொரு விதவையின் கதைக்கும் தனித்தனியாக ஒரு அங்கி. பதினோரு பிள்ளை பெற்றவளுக்குக் கடல்நீலத்தில் பலாவிலைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இலை, துணியை மடித்து வெட்டி மேலே ஒட்டித் தைத்தது. கல்யாணமான மாதமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு, கல்யாண உடுப்பையே பிரித்துத் தைத்தது போல, வெள்ளையில் சிவப்புச் செம்பருத்தி. பல் போன கிழவிக்குச் சாம்பல் நிறத்தில் நட்சத்திரம். இன்னும் நாலைந்து. எல்லாம் அகலமாக, காற்றோட்டமாக, எந்த உடம்புக்கும் பொருந்துகிற வெட்டு. அந்த வெட்டு அவள் கண்டுபிடித்தது. பின்னால் அதுவே அவள் உயிரை வாங்கியது.

நடிக்க ஆள் பஞ்சமில்லை. தொற்காளாக அவள் தோழி ஈனா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. "உனக்குச் சாகற வேஷம். அசையாம படுக்கணும், அவ்வளவுதான்," என்றதும் ஈனா உடனே ஒத்துக்கொண்டாள். பேதுருவாகக் காவே, தீவைச் சுற்றி ஓடும் பஸ்ஸின் டிரைவர். பதினோரு பிள்ளைக்காரி ரோங்கோ, நிஜத்தில் அவளுக்கு ஒன்பது. இளம் விதவை தெகுரா. நிஜத்தில் கல்யாணமாகி மூன்று வாரம். பல் போன கிழவி அபீ அத்தை. ஞாயிறு பள்ளியில் நாலு தலைமுறைக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவள், கல்யாணமே செய்துகொள்ளாதவள், குச்சி உடம்பு.

ஒத்திகை என்று கூடுவார்கள். தேங்காய்ப்பாலில் ஊறிய மீன் வரும், சேப்ப இலைக் கூட்டு வரும், பீட்ரூட் போட்டுச் சிவந்த உருளைக்கிழங்கு சாலட் வரும். வசனம் மட்டும் ஒருத்திக்கும் வராது.

"சாப்பிடறதுக்கு வாய் தொறக்குது, பேசறதுக்குத் தொறக்கலியாடி?"

"மனசுல நிக்க மாட்டேங்குது அக்கா," என்றாள் தெகுரா.

"மனசுல நிக்கலைன்னா கையில நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மதாங்காரோ ஒரு வேலை செய்தாள். எழுத்தும் தையலும் இரண்டும் தெரிந்தவளுக்குத்தான் அது தோன்றும். ஒவ்வொரு அங்கியின் இடது கையின் உட்புறத்தில், அதை உடுத்தப் போகிறவளுடைய பேச்சு முழுவதையும் சிவப்பு நூலில் பெரிய பெரிய எழுத்தாகத் தைத்துவிட்டாள். அழுகிற மாதிரி கையை முகத்துக்குக் கொண்டு போனால் போதும், வாசித்துவிடலாம். ஊரே அவள் புத்தியை மெச்சியது. அவளும் மெச்சிக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றி எல்லாக் கிராமத்துச் சனமும் பாயும் குடையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சுளீர் என்று அடித்தது. டோனட் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மதாங்காரோவுக்கு அந்த வாசனையே எதிரியாகப் பட்டது. தமாருவா கடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்க்க.

அவள் லாரிக்குப் பின்னால் காவேயின் தாடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். தாடி கழன்று கழன்று விழுந்தது. அந்த நேரத்தில்தான் மரத்தடியில் விதவைகள் உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

அபீ அத்தை ரோங்கோவைப் பார்த்து, "அடியாத்தி, அந்த நீலம் என்ன அழகு!" என்றாள்.

எங்கள் தீவில் ஒருவர் உடம்பில் இருப்பதை அழகு என்று சொல்லிவிட்டால், அதை அப்புறமும் போட்டுக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? ரோங்கோ உடனே கழற்றினாள். "நீங்களே போடுங்க அத்தை."

"ஐயோ, வேணாம்டி."

"போடுங்க அத்தை. எனக்கு மனசு தாங்காது."

அத்தை வாங்கிக்கொண்டாள். அவளுடைய சாம்பல் அங்கி சும்மா கிடக்கலாமா? தெகுரா அதை ஒரு தடவைதான் தடவிப் பார்த்தாள், அது அவளுக்குப் போயிற்று. தெகுராவின் செம்பருத்தி ரோங்கோவுக்கு. மற்றவர்கள் மட்டும் மரியாதை தெரியாதவர்களா? தாடியைத் தைத்து முடித்து மதாங்காரோ திரும்பிப் பார்த்தபோது லாரி மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தது, முரசு அடித்தாகிவிட்டது, நீலத்துக்குள் அபீ அத்தை கூடாரத்துக்குள் நட்ட கம்பு போல நின்றுகொண்டிருந்தாள்.

"கையி!" என்று அலறினாள் மதாங்காரோ. "கையில எழுதியிருக்கு!"

"கை நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றான் காவே, தன் கையைப் பார்த்து.

லாரியின் மேல் பூப்போர்வை விரித்த கட்டிலில் ஈனா செத்துக் கிடந்தாள். விதவைகள் சுற்றி நின்று அழுதார்கள். அழுகை நன்றாக இருந்தது. அழுவதற்கு எழுத்து வேண்டாம். பிறகு அபீ அத்தை முன்னால் வந்து இடது கையை முகத்துக்குக் கொண்டு போனாள். ஒரு கணம் நின்றாள். ஆனால் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசித்தே பழகியவள் அவள். ஞாயிறு பள்ளிக் குரலில் கணீரென்று வாசித்தாள்.

"பதினோரு பிள்ளை பெத்தேன்! ஒவ்வொரு பிள்ளைக்கும் என் இடுப்பு பெருத்துச்சு! தொற்காள்தான் இந்த அங்கியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பெருசாக்கித் தந்தா!"

மைதானத்தில் குடைகள் நிமிர்ந்தன. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "அத்தை! எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

அவ்வளவுதான், சனம் வெடித்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் தெகுரா வந்துவிட்டாள். பல்லெல்லாம் பளபளக்க, "பல்லு போச்சு, கண்ணு போச்சு, கல்லறைக்குப் போட்டுக்கிட்டுப் போக ஒரு உடுப்பு கேட்டேன்," என்றாள். அவளுடைய மூன்று வாரப் புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டான். அடுத்து ரோங்கோ. "கல்யாணமான மாசமே என் புருஷனைக் கடல் கொண்டு போச்சே!"

"நான் இங்கதாண்டி இருக்கேன்!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து அவள் புருஷன் எழுந்து நின்றான். அவன் மடியிலிருந்த பிள்ளைகளும் எழுந்து கையாட்டின.

கட்டிலில் பிணம் குலுங்க ஆரம்பித்தது. ஈனா உதட்டைக் கடித்துக்கொண்டாள், வயிறு கேட்கவில்லை. பூப்போர்வையே அலை அடித்தது.

ஒருவரும் எழுந்து டோனட் கடைக்குப் போகவில்லை என்பது உண்மைதான். டோனட் கடைக்காரனே கடையை விட்டு இங்கே ஓடி வந்துவிட்டான். ஆனால் மதாங்காரோ கையிலிருந்த நூலைப் பிய்த்தெறிந்தாள். அவள் எழுதியது இதுவா? பன்றியை அழ வைத்த பேச்சுகளா இவை? தமாருவா நாற்காலியிலிருந்து கை தூக்கி, "சாவு வீட்டுல சிரிக்கறதுக்குப் பேரு நூக்குவா தங்கச்சி?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. கதை புரியாமல் சிரித்துவிட்டுப் போனால் எழுந்து போனதற்குச் சமம்தான். இனி பித்தான்தான், கோலியாத்துதான்.

மணிக்கட்டில் கட்டிய ஊசி மெத்தையோடு, கழுத்தில் அளவு நாடாவோடு, அவள் லாரி மேல் ஏறிவிட்டாள். ஏறும்போது யோசனை ஒன்றும் இல்லை. நின்றபிறகு வந்தது.

"அபீ அத்தை! இது யாரு உடுப்பு?"

அத்தை பொய் சொல்லத் தெரியாதவள். "ரோங்கோவோடது. அழகா இருக்குன்னு சொன்னேன். கழட்டிக் குடுத்துட்டா."

"தெகுரா, இது?"

"அத்தையோடது அக்கா."

மதாங்காரோ சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? இதான் யோப்பாவுல நடந்தது! தொற்காள் ஒருத்திக்குத் தெச்சா. அவ அடுத்தவளுக்குக் குடுத்தா. அடுத்தவ அதுக்கு அடுத்தவளுக்கு. நல்ல உடுப்பு ஒரே உடம்புல நிக்குமா? உங்க வீட்டுல நிக்குதா? அதனாலதான் அவ செத்தப்ப, அவங்கவங்க துக்கத்தை அவங்கவங்க சொல்லல. யாரு உடுப்பைப் போட்டிருந்தாங்களோ அவ துக்கத்தைச் சொல்லி அழுதாங்க. புள்ளையே பெறாதவ பதினோரு புள்ளைக்காக அழுதா. நேத்துக் கல்யாணம் ஆனவ கிழவிக்காக அழுதா. அப்படி அழுதா பேதுரு வராம எங்க போவார்?"

சனம் அடங்கியது. முன்வரிசையில் இருந்த வேறு கிராமத்துப் பெண் ஒருத்தி, தான் உடுத்தியிருந்த உடுப்பைக் குனிந்து பார்த்தாள். பக்கத்திலிருந்தவளின் உடுப்பைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஏதோ நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். அபீ அத்தை மறுபடியும் கையை முகத்துக்குக் கொண்டு போய் அதே வரியை வாசித்தாள். அதே பதினோரு பிள்ளை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கிருந்தோ ஒருவர் கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தார். எல்லாக் கிராமமும் சேர்ந்துகொண்டது. ஆண்கள் அடிவயிற்றிலிருந்து உறுமித் தாளம் போட்டார்கள்.

"காவே! போடா, எழுப்புடா!"

காவே தாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டான். அவன் ஜெபம் நிஜமாகவே நன்றாக இருந்தது. தினமும் அந்த ரோட்டில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஜெபம் பழக்கம். "தபீத்தாக்கா, எழுந்திரு!" என்று தொற்காளின் மறுபெயரைச் சொல்லிக் கையை நீட்டினான்.

ஈனா எழுந்து உட்கார்ந்தாள். மைதானமே அல்லேலூயா என்று எழும்பியது. இப்போது அவள் கையைப் பார்த்துத் தன் பேச்சை வாசிக்க வேண்டும். கர்த்தருடைய கிருபையைப் பற்றி மதாங்காரோ நறுக்கி நறுக்கிச் செதுக்கிய பேச்சு, எல்லாவற்றிலும் அழகானது. ஈனா சனத்தைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள்.

"பசிக்குதுப்பா," என்றாள்.

"அது நான் எழுதலடி!" என்று மதாங்காரோ கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பேதுரு, "அக்காவுக்குச் சாப்பாடு குடுங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினான். டோனட்டுகள் தலைக்கு மேல் பறந்து வந்தன. செத்துப் பிழைத்தவள் இரண்டு கையிலும் வாங்கிச் சாப்பிட்டாள். விதவைகளும் சாப்பிட்டார்கள். லாரி டோனட் துணுக்கும் புழுதியுமாக மைதானத்தை விட்டு வெளியே போனது.

அதற்குப் பிறகு வந்த கிராமம் எரிகோ கோட்டையைக் கொண்டுவந்தது. மதில் நன்றாகத்தான் விழுந்தது. பாவம், யார் பார்த்தார்கள்?

சாயங்காலம் மரத்தடியில் விருந்து. போதகர் அவள் தட்டில் தன் கையால் பன்றி இறைச்சி வைத்துவிட்டுப் போனார். தமாருவா நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார், பிறகு அவள் எதிரில் தட்டோடு உட்கார்ந்தார்.

"ஒருத்தரும் எழுந்து போகல," என்றார்.

"நானும் பாத்தேன்."

"என் சம்சாரம் அழுதா. முப்பது வருஷம் கோலியாத்தைக் கொன்னேன், ஒரு சொட்டு விடல அவ." அவர் சேப்ப இலையைக் கிளறினார். "அடுத்த வருஷம் என்ன கதை எழுதப் போற?"

"மீன் முழுங்கின யோனா."

அவர் முகம் மலர்ந்தது. "பெரிய மீனு! வெளிய செதில் செதிலா..."

"வெளிய யாருக்கு வேணும்? யோனா பாத்தது உள்பக்கம். சனத்தை மீனுக்குள்ள உக்கார வெக்கப் போறேன். மைதானம் முழுக்க, கோட்டுக்கு உள்ள வெச்சுத் தெக்கற மாதிரி உள்துணி. சிவப்புப் பட்டு. எத்தனை கெஜம் ஆகும்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

தமாருவா தட்டைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அதுல எங்கயாவது ஒரு வாள்... சின்னதா ஒண்ணு..."

"மீன் வயித்துல ஏதுங்க வாள்?"

"வாள்மீன் ஒண்ணு பக்கத்துல நீந்திப் போனா ஆகாதா?"

மதாங்காரோ வாயில் இருந்ததை விழுங்கினாள். அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். ஆள் உயரம், கைகால் மெலிவு, மூக்கும் நல்ல நீளம்.

"எழுந்து நில்லுங்க," என்று கழுத்து நாடாவை உருவினாள். "கையைத் தூக்குங்க. மூச்சை இழுக்காதீங்க, மீனுக்குத் தொப்பை இருந்தா ஒண்ணும் தப்பில்ல."